பழைய மெஷின், பழைய ஃபிளாப்பி... ரிப்போர்ட் சரியாக வருமா?

நாடி பிடித்துப் பார்க்கிற சித்த வைத்தியருக்கும் ஃபிளாப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நாடி பார்த்த பிறகும், "எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி., ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு வாங்க" என்று நாங்களும்தான் எழுதித் தருகிறோம். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் மருந்தின் அளவே முடிவாகிறது. மெஷின் தப்பாகச் சொன்னால் மருந்தும் தப்பிப் போகும்.

மெஷினுக்கு உடம்பு இரும்பு என்றால், உயிர் அதற்குள் இருக்கும் மென்பொருள். 1980, 90களில் வந்த பல ஸ்கேன், ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைக் கருவிகளில் ஃபிளாப்பி டிரைவ் இருந்தது. சிலவற்றில் மென்பொருளை ஏற்ற; சிலவற்றில் பதிவுகளைச் சேமிக்க. ஃபிளாப்பி பிறந்ததே இதற்குத்தான். 1971-ல் ஐ.பி.எம். நிறுவனம், பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் அடிப்படை உத்தரவுகளை ஏற்றுவதற்காக அதைக் கொண்டுவந்தது. பிறகு வந்த மூன்றரை அங்குல ஃபிளாப்பி கொள்வது 1.44 எம்.பி.தான். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுகூட அதில் அடங்குவது கஷ்டம். அதனால் பெரிய மென்பொருள் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வேண்டும். நடுவில் ஒன்று கெட்டாலும் வேலை அதோடு நின்றுவிடும்.

ஏன் கெடுகிறது?

உள்ளே இருப்பது காந்தப் பொடி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. தூசி, ஈரம், பூஞ்சை, வெயில், பக்கத்தில் இருக்கிற காந்தம் எல்லாமே அதற்கு எதிரிதான். கெட்டால் புதிது வாங்கலாமே என்றால், சோனி நிறுவனமே 2011-ல் விற்பனையை நிறுத்திவிட்டது.

மெஷின் அடியோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, பழுது என்று தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே தப்பாகச் சொன்னால்? மளிகைக் கடையில் படிக்கல் தேய்ந்திருந்தாலும் தராசு ஆடத்தான் செய்யும். எடைதான் பொய்யாக இருக்கும். மெஷினுக்குப் படிக்கல் அதன் அளவுத்திருத்தக் கணக்கு. மென்பொருளை மறுபடி ஏற்றும்போதோ, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீரும்போதோ சில மெஷின்களில் அது அழிந்துபோகும்.

மென்பொருள் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது ஒரு பாடம். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தார்கள். அங்கே ஃபிளாப்பி கெடவில்லை. மென்பொருளிலேயே பிழை இருந்தது. ஆனால், மென்பொருளைச் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பது எல்லா மெஷினுக்கும் பொருந்தும்.

வழி என்ன?

ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன்பே புது ஓலையில் பிரதி எடுத்தார்கள் நம் முன்னோர். அதனால்தான் சித்தர் நூல்கள் நமக்குக் கிடைத்தன. ஃபிளாப்பிக்கும் அதே வைத்தியம்தான்: படிக்க முடிகிறபோதே கம்ப்யூட்டரில் முழுப் பிரதி எடுத்துவிட வேண்டும். டிரைவ் கெட்டால், அந்த இடத்தில் பென் டிரைவ் செருகும் மாற்றுக் கருவியைப் பொருத்தலாம். மெஷின் அதையும் ஃபிளாப்பி என்றே எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்த பொறியாளர்தான் செய்ய வேண்டும். ஏற்றி முடித்ததும், விடை தெரிந்த மாதிரி ஒன்றைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே நோயாளியைத் தொட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* "மெஷினைக் கடைசியாக எப்போ சரிபார்த்தீங்க?" என்று லேபில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* உடம்புக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒத்துவரவில்லையா? மருந்தை நீங்களாக மாற்றாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, வேறு இடத்தில் மறுபடி பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

* ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தில் பதியும் தாள். நாளாக ஆக மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

* பீரோவில் பழைய ஸ்கேன் ஃபிளாப்பி ஏதாவது கிடந்தால், இப்போதே வேறொன்றுக்கு மாற்றுங்கள்.

மெஷின் பழசு என்பதற்காகப் பயப்பட வேண்டாம். நன்றாகப் பராமரித்தால் பழசும் நிஜம் சொல்லும். கவனிக்காமல் விட்டால் புதுசும் பொய் சொல்லும்.