பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போகிறவர் யார்?

மகன் ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ இருக்கிறான். செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ அப்பா போய் மூன்று மாதம் தங்கப் போகிறார். அங்கே மகனோடு வேலை பார்க்கும் ஒருவர், "சனிக்கிழமை காட்டுப்பன்றி சுடப் போகிறோம், உங்கள் அப்பாவையும் கூட்டி வா" என்கிறார். டெக்சாஸில் இது சர்வ சாதாரணமான அழைப்பு. உடனே எல்லோரும் துப்பாக்கியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். யார் கூட்டிப்போகிறார் என்பதை அதற்கு முன்பே விசாரித்தாக வேண்டும். பன்றியின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் புரிந்துவிடும்.

தெருவில் திரியும் பன்றிக்குக் காட்டுப்பன்றிதான் மூதாதை. நம் நாட்டு வகைக்குப் பிடரியிலிருந்து முதுகு நெடுகக் கரிய மயிர் சிலிர்த்து நிற்கும். வளர்ந்த ஆண் நூறு கிலோவைத் தாண்டும். கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் மேல்தாடைப் பற்களோடு ஓயாமல் உரசிக்கொண்டே இருப்பதால், தம்மைத் தாமே தீட்டிக்கொள்ளும். பெண்ணுக்காக இரண்டு ஆண்கள் மோதும்போது இந்தப் பல்தான் ஆயுதம். அதைத் தாங்குவதற்கென்றே ஆணின் தோள்பட்டையில் தோலுக்கடியில் தடித்த கவசம் ஒன்று வளர்ந்திருக்கிறது. வலுக்குறைந்த தோட்டா சில சமயம் அதிலேயே நின்றுவிடும். இதயமும் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களை ஒட்டி இருக்கிறது. மான் சுட்டுப் பழகியவர் அதே உயரத்தில் குறிவைத்தால் குண்டு மேலே போய்விடும். இன்னும் கொஞ்சம் பின்னால் பட்டால் குடல். காயத்தோடு முட்புதருக்குள் புகுந்த பன்றியைத் தேடிப்போவதைவிட ஆபத்தான வேலை இந்த வேட்டையில் இல்லை.

கண்பார்வை மந்தம், மூக்கு அபாரம். காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் அன்றைய வேட்டை முடிந்தது. வியர்வையால் உடம்பைக் குளிர்த்துக்கொள்ள முடியாததால் சேற்றில் புரளும். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் இரவில்தான் வெளியே வரும். ஆக, வேட்டைக்குக் கூட்டிப்போகும் நல்ல ஏற்பாட்டாளர் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "பன்றியின் உடம்பில் எங்கே குறிவைப்பீர்கள்?" என்று உங்களைக் கேட்பார். பதிலைக் கேட்டதோடு விடாமல் அட்டை இலக்கில் சுடச்சொல்லியும் பார்ப்பார். காயம்பட்ட பன்றியைத் தேடிப்போகும் பொறுப்பு யாருடையது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். உங்களை எதுவும் கேட்காமல் தேதி குறித்துக் கொடுப்பவரை விட்டுவிடுங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், மும்பையிலேயே இப்படி ஒருவர் கிடைக்கமாட்டாரா? ஒரு காலத்தில் கிடைத்திருப்பார். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியாவில் ஷிகார் கம்பெனிகள் பகிரங்கமாகத் தொழில் நடத்தின. அப்படி ஒன்றுதான் நாக்பூரின் ஆல்வின் கூப்பர். அதைத் தொடங்கியவர், பின்னாளில் நெருக்கடிநிலைக் காலத்தின் செய்தித்துறை அமைச்சராகப் பேர் 'வாங்கிய' வித்யா சரண் சுக்லா. வாடிக்கையாளர் பணம் கட்டியது புலிக்காக, பன்றியெல்லாம் கொசுறு. அதற்கும் முன்னால், குதிரைமேல் அமர்ந்து மூங்கில் ஈட்டியால் பன்றியைக் குத்துவது வெள்ளைக்கார அதிகாரிகளின் பெருமைமிகு விளையாட்டு. மீரட்டில் அதற்கென்றே காதிர் கோப்பை என்ற போட்டி நடந்தது. 1883இல் அதை வென்றவர் பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த அதே பேடன் பவல்தான். பன்றி குத்துவதைப் பற்றி 1889இல் ஒரு புத்தகமே எழுதினார். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கடைகளை மூடிவிட்டது. காட்டுப்பன்றி இன்று அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா போன்ற இடத்துக்குள் என்றால் சிறைவாசம் மூன்றாண்டில் தொடங்கி ஏழு வரை போகும். பயிர் அழிவுக்காகச் சில மாநிலங்கள் விதிவிலக்கு தந்திருப்பது உண்மை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களுக்கு அனுமதி தரலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரி ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். இவை விவசாயிக்கான ஏற்பாடுகள். இவற்றில் காசு கொடுத்துச் சுட வருகிறவருக்கு இடமே இல்லை.

ஆகவே, முர்பாடிலோ ஷாஹாபூரிலோ பண்ணைவீடு, இரவுச் சாப்பாடு, கூடவே பன்றி வேட்டை என்று யாராவது காதைக் கடித்தால், அவர் உங்களையும் சேர்த்துக் குற்றவாளியாக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். கள்ள வேட்டையின் கருவிகள் நாட்டுத் துப்பாக்கி, சுருக்குக் கம்பி, மின்வேலி, அவுட்டுக்காய் என்னும் இரைக்குள் மறைத்த வெடி. எதற்கும் ஆள் தெரியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்து ஆற்றுக்குள் நின்றபடியே இறந்த கருவுற்ற யானை, பன்றிக்காக வைத்த வெடியைத்தான் கடித்திருந்தது. மகாராஷ்டிர வனத்துறைக்குத் தகவல் சொல்ல 1926ஐ அழைக்கலாம்.

டெக்சாஸ் கதையே வேறு. ஸ்பானியர் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகள் காடேறின. 1930களில் வேட்டைக்காகக் கொண்டுவந்துவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் அவற்றோடு கலந்தன. இன்று அங்கே அது வெறும் தொல்லை. எத்தனை சுட்டாலும் வரம்பு கிடையாது. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்குக்கூடக் கட்டணம் வாங்கச் சட்டம் வழிவிட்டது. (கூப்பிட்டால் போகாதீர்கள். அதில் வேட்டை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.) தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் போதும், பன்றிக்கு வேட்டை உரிமம் தேவையில்லை என்று 2019இல் விதி மாறியது.

நம்மவர்கள் இடறுவது இங்கேதான். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, சுற்றுலா விசாவிலோ எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவிலோ வந்தவர் பொதுவாகத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் பெற்ற செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதாவது பன்றிக்கு உரிமம் வேண்டாம், உங்களுக்கு வேண்டும்; மகனுக்கும்தான். விசா வகையை முதல் உரையாடலிலேயே விசாரிக்கிற ஏற்பாட்டாளர் தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் இங்கே யாரும் பார்ப்பதில்லை" என்பவருக்குப் போவது ஒரு வாடிக்கையாளர். உங்களுக்குப் போவது விசா.

நிலம் யாருடையது, எழுத்தில் அனுமதி இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். "பன்றி நிச்சயம்" என்று உத்தரவாதம் தந்தால், நிலத்தைச் சுற்றி உயரமான வேலி இருக்கிறதா என்று விசாரியுங்கள்; அடைத்து வைத்ததைச் சுடக் காட்டுக்குப் போவானேன்? பழைய வாடிக்கையாளர்களிடம் பேசவேண்டும் என்றால், பெரிய பன்றியோடு படத்தில் சிரிப்பவரின் எண்ணைத்தான் தருவார்கள். வெறுங்கையோடு திரும்பியவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு வழக்கில் ஏற்பாட்டாளர் எப்படி நடந்துகொண்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அறுக்கும்போது கையுறை போடச்சொல்கிறாரா என்றும் பார்க்கவேண்டும். டெக்சாஸ் பன்றிகளில் புரூசெல்லா கிருமி உண்டு. கையில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் இரத்தத்தின் வழியே அது தொற்றும். கறியின் உட்புறச் சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை அடுப்பிலிருந்து இறக்கக் கூடாது.