ஆறு புள்ளிகளும் ஒரு பழைய பியானோவும்

லூயி பிரெய்ல் பார்வையற்றோருக்கான தன் எழுத்து முறைக்கு வடிவம் கொடுத்தபோது அவருக்கு வயது 15. அவர் படித்த பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியின் மற்ற மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல.

1785இல் தொடங்கிய அந்தப் பள்ளியில், வழக்கமான ரோமன் எழுத்துகளைத் தாளில் புடைக்க வைத்தே பாடநூல் அச்சிட்டார்கள். ஒவ்வொரு வளைவையும் விரலால் தடவி முடிப்பதற்குள் முந்தைய சொல் மறந்துபோகும். தட்டுத்தடுமாறிப் படித்தாலும், அதே முறையில் பிள்ளைகளால் எழுத முடியாது. கண் தெரிந்தவர்கள் யோசித்துச் செய்தது, வேறெப்படி இருக்கும்!

1821இல், ராணுவத்தில் இருந்த ஷார்ல் பார்பியே தன் புள்ளி முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஓர் ஒலிக்கு 12 புள்ளி வரை போகும். விரல் நுனியில் அடங்காது. எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிக்கும் அதில் இடமில்லை. பிரெய்ல் அதை ஆறாகச் சுருக்கினார்: நெடுக்கில் மூன்று, குறுக்கில் இரண்டு. தொட்டதும் எழுத்து தெரிந்துவிடும். தமிழையும் இதே ஆறு புள்ளிகளில்தான் எழுதுகிறோம். முதல் புள்ளி மட்டும் இருந்தால் ‘அ’. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் ‘க’.

பள்ளி நிர்வாகம் பிரெய்லின் முறையை ஏற்கத் தயங்கியது. ஒரு கட்டத்தில் தடையே போட்டது. பிள்ளைகள் விடவில்லை, தங்களுக்குள் எழுதிப் பழகினார்கள். பிரெய்ல் 1852இல் மறைந்தார். அதிகாரபூர்வ ஏற்பு வந்தது 1854இல்.

அதே பள்ளியின் மாணவர் க்ளோத் மோந்தால், நண்பர் ஒருவருடன் பள்ளிப் பியானோவுக்குச் சுருதி கூட்டிப் பார்த்தார். வழக்கமாக அந்த வேலைக்கு வருபவர் புகார் செய்ய, பியானோவைத் தொடக்கூடாது என்றார்கள். இருவரும் ஒரு பழைய பியானோவைத் தேடிப் பிடித்து, அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள். மோந்தால் பின்னர் பாரிஸில் சுருதி கூட்டுவதைத் தொழிலாகவே செய்தார். 1836இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பார்வையற்றோர் பலருக்குப் பியானோ சுருதி கூட்டுதல் சோறு போடும் தொழிலானது.

மிச்சமிருந்தது வீட்டுக்குக் கடிதம் எழுதும் சிக்கல். பிரெய்ல் எழுத்து பெற்றோருக்குப் புரியாதே! 1839இல் பிரெய்லே, ரோமன் எழுத்தின் உருவத்தைப் புள்ளிகளால் வரையும் முறையை வெளியிட்டார். ஆனால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு வரி முடிக்கவே வெகு நேரம் பிடித்தது. அந்தப் பள்ளியில் முன்பு படித்த பியர் ஃபூக்கோ, இவரும் பார்வையற்றவர், அந்தப் புள்ளிகளை விரைவாகக் குத்த, பத்து விசைகள் கொண்ட இயந்திரமொன்றை 1840களின் தொடக்கத்தில் செய்து கொடுத்தார். ரெமிங்டன் டைப்ரைட்டர் கடைக்கு வந்தது அதற்கு சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து.