கடனுக்குள் அடங்கிய முக்கால்

சில மாதங்களுக்கு முன் பேத்தி கணக்கு நோட்டோடு வந்தாள். "தாத்தா, −3¾-ஓடு 1½ கூட்டணும். −3-ம் 1-ம் −2. ¾-ம் ½-ம் 1¼. ஆக −¾. டீச்சர் தப்புன்னு போட்டுட்டாங்க" என்றாள்.

"ஒருத்தர் நமக்கு மூன்றே முக்கால் ரூபாய் பாக்கி. ஒன்றரை கொடுத்துட்டார். மீதி?" என்று கேட்டேன்.

"மூன்றே முக்கால்னா என்ன தாத்தா?"

பெங்களூரில் வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் இந்தச் சொல் அவளிடம் போய்ச் சேரவில்லை. தப்பு எங்கள் பேரில்தான்.

பகல் முப்பது நாழிகையை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி. ராகு காலத்தின் அளவு அதுதான். மூன்றையும் முக்காலையும் அந்த 'ஏ' ஒரே தொகையாகக் கட்டி வைக்கிறது. முன்னால் கழித்தல் குறி வந்தால் முழுத் தொகையும் கடன், முக்காலும் கடன்தான். −3¾ என்றால் −3-ம் −¾-ம் சேர்ந்தது. பேத்தி முக்காலை வரவில் எழுதிவிட்டாள். சரியான விடை −2¼, இரண்டேகால் பாக்கி.

பெருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கடன் ஒன்றரை மடங்கானால் முழுசை முழுசோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் மட்டும் பெருக்கினால் போதாது. மூன்றுக்கும் அரை மடங்கு உண்டு, முக்காலுக்கும் ஒரு மடங்கு உண்டு, அவை விட்டுப்போகும். அதனால் எல்லாவற்றையும் பின்னமாக்க வேண்டும்: −15/4 × 3/2 = −45/8. அதாவது −5⅝, ஐந்தரையே அரைக்கால் கடன்.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கி.பி. 850 வாக்கில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், சமணக் கணித மேதை மகாவீராசாரியர் 'கணித சார சங்கிரகம்' எழுதினார். வரவைத் தனம் என்றும் கடனை ருணம் என்றும் வைத்து விதிகள் சொன்னார். பின்னங்களைக் கூட்ட 'நிருத்தம்' என்ற மீச்சிறு பொது மடங்கையும் காட்டினார். 5/6-ஐயும் 3/8-ஐயும் கூட்ட 48-க்குப் போக வேண்டாம், 24 போதும்: 20/24 + 9/24 = 29/24. அந்த நூலை ரங்காசார்யா ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-ல் சென்னையில் பதிப்பித்தார்.

இப்போது பேத்தியை அனுப்பி முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றேகால் லிட்டர் எண்ணெய் என்று வாங்கி வரச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள். கணக்கும் வரும், தமிழும் தங்கும்.