உங்களை அம்மா மறந்துவிட்டாரா?

என்னைப் பார்க்க வந்த அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்காலியில் உட்காரும் முன்பே கண் கலங்கிவிட்டார்.

"டாக்டர், எங்கம்மா என்னைப் பார்த்து, 'நீங்க யாரு தம்பி, சாப்பிட்டீங்களா?'ன்னு கேக்கறாங்க. பெத்த புள்ளையையே தெரியலை. பார்த்துக்க ஆள் போட்டிருக்கேன். நான் அந்த ரூமுக்குப் போயி இனி என்ன ஆகப்போகுது?"

"அம்மாவை ஒருமுறை அழைச்சிட்டு வாங்க" என்றேன்.

வந்தார். புது இடம், புது ஆள். நாடியைப் பிடித்தால் படபடவென்று ஓடுகிறது! வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டு, எதிரே உட்கார்ந்து அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சற்று நேரத்தில் அம்மாவின் தோள் தளர்ந்தது. நாடி நிதானத்துக்கு வந்தது. மகனின் பெயர் மட்டும் கடைசி வரை வரவில்லை!

இது எப்படி?

தெரிந்த முகத்தைப் பார்த்ததும் மூளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, 'இவர் இன்னார்' என்று கண்டுபிடிப்பது. மற்றொன்று, 'நம்ம ஆள்' என்ற உணர்வு. இந்த உணர்வு வரும்போது உள்ளங்கை மிக லேசாக வியர்க்கும். நமக்கே தெரியாது, கருவி காட்டிவிடும்.

மூளை பாதிப்பால் முகங்களை அடையாளம் காண முடியாமல் போனவர்களை அமெரிக்காவில் ட்ரானல், டமாசியோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். 1985-ல் முடிவு வெளியானது. தெரிந்தவர் படத்தைக் காட்டினால் "தெரியாது" என்றது வாய். உள்ளங்கையோ, 'தெரியும்' என்றது!

இதற்கு நேர் எதிரும் உண்டு. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் ஹிர்ஸ்டீனுடன் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வு அது. விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர், "இவர் அப்பா மாதிரியே இருக்கிறார்; ஆனால் அப்பா இல்லை" என்று சாதித்தார். முகம் தெரிந்தது, உள்ளங்கை அசையவில்லை. அதே அப்பா போனில் பேசினால், சந்தேகமே வரவில்லை!

"இவர்களுக்கு வந்தது வேறு நோய் ஆயிற்றே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால், அல்சைமர் மறதி நோயாளிகளுக்கே சோகப் படமும் சந்தோஷப் படமும் காட்டிச் சோதித்த ஆய்வு 2014-ல் வந்தது. பார்த்த படம் கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டது. அது தந்த வருத்தமும் மகிழ்ச்சியும் அதன் பிறகும் நீடித்தன.

ஆக, நீங்கள் வந்துபோனதை அம்மா மறக்கலாம். நீங்கள் தந்த நிம்மதி உடனே மறைந்துவிடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* கண்ணுக்கு நேரே உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும்.

* "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "உங்க பெரிய பையன் வந்திருக்கேம்மா" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

* கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று தெரிந்தும், கணவர் கையைப் பிடித்திருந்த பெண்களின் மூளையில் பதற்றம் அடங்கியிருந்ததை 2006-ல் கண்டறிந்தார்கள். அந்நியர் கைக்கு அந்த அளவு பலன் இல்லை.

* பாராட்டுங்கள். "உங்க ரசம் மாதிரி வராதும்மா" என்று சொல்லிப் பாருங்கள். பாராட்டுக்கும் பணப் பரிசுக்கும் மூளையில் ஒரே பகுதி விழித்துக்கொள்வதை ஜப்பானில் 2008-ல் கண்டார்கள்.

* மறதி என்றதும் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். வல்லாரை வாங்கிக் கொடுத்தால் போதும் என்றும் இருக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த மகன் மறுபடி வந்தார். "இப்பவும் நான் யாருன்னு தெரியலை டாக்டர். ஆனா நான் போய் உட்கார்ந்தா, தட்டுல இருக்கற இட்லியில பாதியைப் பிட்டு என் கையில வைக்கறாங்க."

இன்று சாயங்காலம் நீங்களும் அந்த அறைக்குள் போய் உட்காருங்களேன்!