கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்!

செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு. புதன், சனி ஆண்களுக்கு. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலை முழுகும் பழக்கம் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. முன்பு கொல்லைப்புறத்தில் தவலையில் வெந்நீர் போட்டோம். புகை வெளியே போனது. இப்போது தொட்டியில்லாத கேஸ் கீசர். குழாயைத் திறந்தால் வெந்நீர். செளகரியம்தான். ஆனால் அடுப்பே குளியலறைக்குள் வந்துவிட்டதே!

ஜன்னல் மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் ஆக்ஸிஜன் குறையும். அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். இந்த விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசனையுமில்லை. 'கேஸ் நாற்றமே அடிக்கலையே' என்று தைரியமாக இருக்காதீர்கள். அந்த நாற்றம், சிலிண்டர் கசிவு தெரிவதற்காகச் சேர்ப்பது. இந்த வாயு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிடச் சுமார் 200 மடங்கு பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். எண்ணெய்க் குளியல் அசதிதானே என்று படுத்துவிடக் கூடாது.

கீசர், சிலிண்டர் இரண்டையும் காற்றோட்டமான வெளிப்புறத்தில் வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். அதுவரை, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், மெக்கானிக் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

குளிப்பவர் குரல் கொடுக்கவில்லையா? கதவை உடைத்தாவது திறந்து, கேஸை மூடி, அவரை உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். கஷாயம், கைவைத்தியம் என்று நேரம் கடத்த வேண்டாம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: இதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஆக்ஸிஜன்தான்.