நடைப்பிணமாகும் கரப்பான்

கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் சிறுவர்கள் பேய்க்கதைகளில் கேட்டிருக்கும் நடைப்பிணம், தென்னாசியாவின் உஷ்ணப் பிரதேசங்களுக்கு உரிய மரகதக் குளவியின் வாழ்க்கையில் பிரத்தியட்சமாகவே காணக்கிடைக்கிறது. தன்னினும் பெரிய கரப்பானை முதலில் மார்பில் கொட்டி, முன்னங்கால்களைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்து, பின்பு மூளையைத் தேடிக் கொட்டும் பெண்குளவி, நடக்கும் சக்தியை அதனிடமே விட்டுவிட்டு, தானாக நடக்கவேண்டும் என்ற இச்சையை மட்டும் அபகரித்துவிடுகிறது. எத்தகைய சூட்சுமம்! பிறகு கரப்பானின் உணர்கொம்பைப் பாதியாகக் கத்தரித்து, கசியும் திரவத்தைப் பருகி, எஞ்சிய கொம்பைப் பற்றி, கயிற்றில் பிடித்த பசுவைப்போல் அதை வளைக்கு நடத்திச் சென்று, காலில் முட்டையிட்டு, வாயிலைச் சிறுகற்களால் அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, உயிருள்ள கரப்பானின் உட்புறத்தைப் புசித்து, அங்கேயே கூடுகட்டி, குளவியாக வெளியேறுகிறது. கரப்பான்களை ஒழிக்க 1941-இல் ஹவாய்த் தீவுகளுக்கு இக்குளவியைக் கொண்டுசென்றார்கள், பெரும்பலன் கிட்டவில்லை.