மெல்ல வளரும் கட்டி, திடீரென்று அடங்கும் செவி

ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும் கட்டி, ஒரே இரவில் ஒரு காதின் செவித்திறனைப் பறித்துவிடுமா? சிலருக்கு அப்படித்தான் நடக்கிறது.

உட்செவிக்கும் மூளைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் ஒன்று உண்டு. கேட்கும் நரம்பு, உடல் சமநிலைக்கான நரம்புகள், முகத்தசைகளை இயக்கும் நரம்பு, உட்செவிக்கு ரத்தம் தரும் தமனி எல்லாம் அதற்குள்தான் நெருங்கிச் செல்கின்றன. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் அங்கே அளவுமீறிப் பெருகினால் கட்டி உண்டாகிறது. இது புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது.

கட்டி முளைப்பது பெரும்பாலும் சமநிலை நரம்பில். ஆனாலும் பலருக்குத் தலைசுற்றல் பெரிதாக வருவதில்லை. அந்த நரம்பு மெல்ல மெல்லச் செயலிழப்பதால், மூளை மறுகாதிலிருந்து வரும் தகவலைக் கொண்டு ஈடுகட்டப் பழகிவிடுகிறது. செவித்திறனுக்கு அந்த வசதி இல்லை. உட்செவிக்கு ரத்தம் வர அந்த ஒரு தமனியை விட்டால் வேறு வழி கிடையாது. கட்டி அதை நெருக்கியதும் செவி அடங்கிவிடலாம் என்பது ஒரு விளக்கம். நரம்பு நசுங்கிச் சமிக்ஞை தடைபடுவதும், கட்டியிலிருந்து கசியும் பொருள்கள் உட்செவியின் நுண்ணிய செல்களைத் தாக்குவதும் பிற விளக்கங்கள். கட்டியின் அளவும் செவித்திறன் இழப்பும் ஒத்துப்போகாததற்கு இவையே காரணமாக இருக்கலாம்: கடுகளவுக் கட்டி காதைச் செவிடாக்கும், பெரிய கட்டியோடு நன்றாகக் கேட்பவர்களும் உண்டு.

அடுத்தடுத்த மூன்று ஒலி அதிர்வெண்களில், 72 மணி நேரத்துக்குள் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறைந்தால் அதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. நூற்றில் ஒரு சிலரிடம்தான் இந்தக் கட்டி தென்படுகிறது.

அந்தச் சிலரைத் தவறவிட ஒரு வழி இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்து கொடுத்ததும் காது கேட்கத் தொடங்கினால், சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். கட்டி உள்ளவர்களிலும் சிலருக்குச் செவித்திறன் திரும்புவதுண்டு. ஆகவே காது குணமானாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். சில மில்லிமீட்டர் கட்டியைக்கூட அது காட்டிவிடும்.

ஒரு காது திடீரென்று மந்தமானால் அழுக்கு அடைத்திருக்கிறது என்று நாள் கடத்தக் கூடாது. வாயை மூடி 'ம்' என்று முனகிப் பாருங்கள். வெறும் அடைப்பென்றால் ஒலி பெரும்பாலும் அடைத்த காதில் உரக்கக் கேட்கும். பழுது உட்செவியிலோ நரம்பிலோ என்றால் நல்ல காதின் பக்கம் ஒதுங்கும். எப்படிக் கேட்டாலும் உடனே காது மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் கூடுதல் பலன்.

1777இல் மருத்துவர் எடுவார்ட் சாண்டிஃபோர்ட் இந்தக் கட்டியை விவரித்தது, இறந்தவரின் உடலைப் பரிசோதித்துத்தான். இன்று உயிரோடிருப்பவரிடமே, அது சிறிதாக இருக்கும்போதே பார்த்துவிடலாம். சிறிய கட்டிகளில் பலவும் ஆண்டுக்கணக்கில் வளராமலே கிடப்பதால், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். வளர்ந்தால் கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ கைகொடுக்கும். எதைத் தேர்வது என்று நிதானமாக முடிவெடுக்க, கட்டியை முன்கூட்டியே கண்டறிந்திருக்க வேண்டும்.